திரும்பி வராத அந்த ஆறு பேர்



அபிநந்தன் என்று சொன்னால் போதும். நம் கல்லூரியில் முதலாண்டுப் பையன்கூட மீசையை முறுக்கிக் காட்டுவான். 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்தில் போய், பாகிஸ்தானில் பிடிபட்டு, மார்ச் 1 இரவு வாகா எல்லை வழியாகத் தலைநிமிர்ந்து நடந்து வந்தவர். குடும்பம் சென்னையில். ஆகவே நம்ம ஊர்ப் பிள்ளை! மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தத் தெருவிலும் அன்று டிவி அணையவில்லை. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

சரி... சித்தார்த் வசிஷ்ட் என்று சொன்னால்? நினாத் மாண்டவ்கணே என்று சொன்னால்?

லஸ் கார்னர் டீக்கடையில் நண்பர்கள் நாலு பேரிடம் கேட்டேன். ஒருவன் "கிரிக்கெட் பிளேயரா மச்சி?" என்றான். சிரிப்பு வந்தது. கூடவே வருத்தமும் வந்தது.

அதே பிப்ரவரி 27, அதே காலை நேரம். எல்லையில் போர் விமானங்கள் மோதிக்கொண்டிருந்தபோது காஷ்மீரில் நமது விமானப்படையின் மி-17 வி-5 ஹெலிகாப்டர் ஒன்று ஸ்ரீநகர் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பட்காம் அருகே அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். தரையில் இருந்த கிராமவாசி ஒருவரும் பலியானார்.

அந்த ஆறு பேர்: சண்டிகரைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் சித்தார்த் வசிஷ்ட், நாசிக்கைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் நினாத் மாண்டவ்கணே, சார்ஜென்ட் விக்ராந்த் செஹ்ராவத், சார்ஜென்ட் விஷால் குமார் பாண்டே, கார்ப்போரல் தீபக் பாண்டே, கார்ப்போரல் பங்கஜ் குமார். இவர்களில் வசிஷ்ட், 2018 கேரள வெள்ளத்தில் மக்களை மீட்கும் பணியில் பறந்தவர்.

சுட்டது யார்? நாம்தான்! ஸ்ரீநகர் தளத்திலிருந்து கிளம்பிய நம்முடைய ஸ்பைடர் ஏவுகணைதான் நம் ஹெலிகாப்டரை எதிரி என்று நினைத்துத் தாக்கியது. 2019 அக்டோபரில் அன்றைய விமானப்படைத் தலைமைத் தளபதி பதௌரியா, அது நம் தரப்பில் நடந்த பெரிய தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இதைச் சொன்னதும் டீக்கடையில் ஒரு நண்பன் கேட்டான்: "எதிரியோட மோதவே இல்லையேடா. நம்ம ஏவுகணைதானே பட்டுச்சு? இது ஆக்சிடென்ட். இதுல என்ன வீரம்?"

நேர்மையான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

நண்பா, குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை வைத்தா வீரத்தை அளப்பது? அது தெரிவதற்கு முன்பே அவன் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டானே, வீரம் அங்கே இருக்கிறது! போர் விமானத்தில் வெளியேற்றும் இருக்கை உண்டு. ஆபத்து என்றால் கைப்பிடியை இழுக்கலாம்; இருக்கையோடு வெளியே வந்து பாராசூட்டில் இறங்கலாம். அபிநந்தன் உயிர் பிழைத்தது அப்படித்தான். மி-17இல் அந்த வசதி கிடையாது. தலைக்கு மேலே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எங்கே குதிப்பது? வேகமும் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர்தான். இவ்வளவும் தெரிந்துதான் அவர்கள் தினமும் ஏறுகிறார்கள்.

வியட்நாம் போரில் சார்லஸ் கெல்லி என்றொரு அமெரிக்க மேஜர் இருந்தார். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதுதான் அவருடைய ஹெலிகாப்டரின் வேலை. 1964 ஜூலை 1 அன்று கடும் துப்பாக்கிச் சூடு, திரும்பிப் போய்விடு என்று வானொலியில் எச்சரித்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்ட பிறகுதான் கிளம்புவேன் என்று பதில் சொன்னார். அடுத்த சில நொடிகளில் குண்டு பாய்ந்து இறந்தார். யாரையும் கொல்லப் போகாதவனுக்கும் வீரம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் சென்னைக்கு இது புரியாத சங்கதி அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது மொட்டை மாடியில் நின்று கை அசைத்தவர்களுக்கு, வானத்தில் கேட்ட அந்த 'தடதட' சத்தம்தான் உயிர்!

ஆனால், வெறும் வீரவணக்கத்தோடு இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. நாம் டிப்ளமோ படிப்பவர்கள். நமக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது.

வருவது நண்பனா எதிரியா என்று அறிய ஒரு கருவி உண்டு. தரையிலிருந்து ரகசியக் குறியீட்டில் ஒரு ரேடியோ கேள்வி போகும். 'நான் உன் ஆள்' என்று விமானத்தில் உள்ள பெட்டி தானாகப் பதில் அனுப்பும். பட்காம் விசாரணையில் இந்த அடையாளக் கருவி பற்றியும், தரைக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையே தகவல் சரியாகப் போனதா என்பது பற்றியும்தான் கேள்விகள் எழுந்தன. ஒரு பெட்டி, ஒரு சுவிட்ச், ஒரு தகவல். ஆறு உயிர்!

இது முதல் தடவையும் அல்ல. 1999 மே 28, கார்கில் போர். சரக்கும் ஆளும் ஏற்றவே செய்யப்பட்ட மி-17இல் ராக்கெட் பொருத்தித் தோலோலிங் மலைக்கு அனுப்பினார்கள். ஏவுகணை தாக்கி ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றத் தீப்பொறி உமிழும் 'ஃபிளேர்' கருவி அதில் இல்லை. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் சாஹு ஆகியோரோடு ஃபிளைட் லெப்டினன்ட் முகிலனும் இறந்தார். முகிலைப் பெயரிலேயே வைத்திருந்தவர் முகிலுக்கு நடுவிலேயே போய்விட்டார். அதன் பிறகுதான் மி-17ஐத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கினார்கள்.

என் கருத்து இதுதான். வீரனைப் புகழ்வது சுலபம். அவன் வீரத்தைக் காட்டி, கருவியிலும் நடைமுறையிலும் இருந்த ஓட்டையை மூடிவிடக் கூடாது. 'தியாகி' என்ற ஒரு சொல்லோடு கணக்கை முடித்துவிட்டால், அடுத்த ஹெலிகாப்டரும் அதே ஓட்டையோடு கிளம்பும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்காம் ஆறு பேரில் நால்வர் சார்ஜென்டும் கார்ப்போரலும். செய்தியில் விமானியின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். விமானப்படையின் தொழில்நுட்ப வரிசைக்கு மூன்றாண்டு டிப்ளமோ படித்தவனும் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்துத் தாம்பரத்திலேயே விமானப்படையின் மெக்கானிக்கல் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாளை நம்மில் ஒருவன் அந்த வரிசையில் நிற்கலாம்.

படைக்கே போகாவிட்டாலும், லிஃப்ட், பாய்லர், பஸ் பிரேக் என்று யாரோ ஒருவருடைய உயிர் நம் கையில் வரத்தான் போகிறது. 'செக்லிஸ்ட்டில் டிக் அடிச்சா போதும்டா, யாரு பாக்கப் போறாங்க' என்று லேபில் சொல்கிறோமே, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவோம். செய்து பார்த்த பிறகு டிக் அடிப்போம். பிப்ரவரி 27 வரும்போது அபிநந்தனோடு சேர்த்து அந்த ஆறு பெயர்களையும் வாய்விட்டுச் சொல்வோம்.

கைதட்டலைவிட, இறுக்கமாக முடுக்கிய ஒரு நட்டு அவர்களுக்குப் பெரிய அஞ்சலி!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்