மிச்சச் சோறும் கூலிக் கணக்கும்

கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் மிஞ்சும் சோற்றை வண்டியில் ஏற்றிப் பசித்தவர்களிடம் சேர்ப்பதை உணவு வங்கி என்கிறார்கள். கோவையில் 2014 முதல் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு இதைச் செய்துவருகிறது. மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கு 2019-ல் ஒன்றிய அரசின் விதிமுறைகளும் வந்துவிட்டன. இளம்பிள்ளையிலும் சேலை வியாபாரிகளையும் மண்டபக்காரர்களையும் சேர்த்து ஒன்று தொடங்கினால் என்ன என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள்.

தொடங்குங்கள். பசித்த வயிற்றிடம் தத்துவம் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் கேள்வி: பசி எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. பானையில் அரிசி இருக்கிறது, குழம்புக்குத்தான் காசில்லை. ஏன் இல்லை? விசைத்தறியில் கூலி சேலைக் கணக்கில்தான். ஆர்டர் குறைந்து தறி நின்றால் அந்த வாரக் கூலியும் நின்றது. முன்பணம் வாங்கியவரால் வேறு தறிக்கும் போக முடியாது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கொடுக்கும் முதலாளி திங்கட்கிழமை கூலி நோட்டையும் காட்டட்டும்.

இரண்டாவது: யாருடைய மிச்சம், யாருடைய தட்டுக்கு? 1927-ல் மகாத் மாநாட்டைக் குளத்துத் தண்ணீருக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். எச்சில் சோற்றை வாங்காதீர்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களிடம் சொன்னதும் அதே மாநாட்டில்தான். ஓம்பிரகாஷ் வால்மீகி தன் வாழ்க்கைக் கதைக்கு வைத்த பெயர் 'ஜூட்டன்'. எச்சில் என்று பொருள். பந்தி முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் காலனிக்கு மட்டும் வரும் பொட்டலம், வண்டியில் வந்தாலும் அந்தப் பழைய எச்சில்தான்.

மூன்றாவது: யார் சமைப்பது? சத்துணவுச் சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் போராடினார்கள். 2023-ல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். நாம் சமைத்ததை அவர்கள் தொட மாட்டார்கள். அவர்களுக்கு மிஞ்சியதை நாம் தின்ன வேண்டும். இதற்குப் பெயர் தர்மமா?

ஆகவே எங்கள் நிபந்தனைகள் இவை. மிச்சத்தைச் சேர்ப்பதற்குப் பதில், வியாபாரிகள் அரிசியும் பருப்பும் முட்டையும் தரட்டும். பொதுச் சமையல்கூடத்தில் தலித் பெண்கள் நியாயமான சம்பளத்துக்குச் சமைக்கட்டும். கொடுத்தவர் வீட்டாரும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிடுகிறவர்களைப் போட்டோ எடுக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் தறித் தொழிலாளர்களுக்குப் பாதி இடம் வேண்டும்.

இந்த நிபந்தனைகளுக்கு எத்தனை முதலாளிகள் சம்மதிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தெரு ரேஷன் கடையில் பருப்பு எடை சரியா, பள்ளியில் முட்டை வருகிறதா என்று கணக்கெடுங்கள். 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவு உரிமை. உரிமையை வாங்க யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை, தோழர்களே.

ஜெய் பீம்.