சட்டம் நீங்கியது, தடை நீங்கியதா?

சட்டத்தை மாற்றினால் சமத்துவம் தானே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், தென்னாப்பிரிக்க ரக்பி வீரர் ஸ்ரீ ஸியா கோலிஸியின் வரலாற்றைச் சற்றுக் கவனிப்பார்களாக. ஜனங்களை நிறவாரியாகப் பிரித்துப் பதிவு செய்து வந்த கொடிய சட்டத்தை ரத்துச் செய்வதென்று அந்நாட்டுப் பார்லிமெண்ட் 1991-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி தீர்மானித்தது. அதற்கு முந்திய நாள் பிறந்தவர் கோலிஸி. டெஸ்ட் பந்தயத்தில் தேசிய கோஷ்டியின் முதல் கறுப்புத் தலைவராக அவர் மைதானத்தில் இறங்கியது 2018-ம் வருஷம் ஜூன் மாதத்தில். சட்டசபை ஒரே நாளில் தீர்மானித்ததை மைதானம் நிறைவேற்ற 27 வருஷங்கள் பிடித்தன!

‘ஸ்பிரிங்பாக்’ என வழங்கும் அக்கோஷ்டி தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது 1891-ல். வெள்ளையரல்லாத ஒருவர், எரல் டோபையாஸ், அதில் இடம் பெற்றதோ 1981-ல். 1995-ல் உலகக் கோப்பையை வென்றபோது, ஸ்ரீ மண்டேலா அக்கோஷ்டியின் உடுப்பைத் தாமே அணிந்து வந்து கோப்பையை வழங்கியது கண்டு உலகம் மெய்சிலிர்த்தது. ஆயினும் அன்று இறுதிப் பந்தயத்தை ஆடத் தொடங்கிய 15 பேரில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. அதே வருஷத்தில்தான் ரக்பி யூனியன் ஆட்டம் சம்பளத் தொழிலாக அங்கீகாரம் பெற்றது. நல்ல மைதானமும் பயிற்சியும் உள்ள பள்ளிக்கூடங்களில் பயின்றவர்களுக்கே அத்தொழிலின் கதவு எளிதில் திறந்தது.

கோலிஸி பிறந்த ஸ்வீடே, போர்ட் எலிஸபெத் நகரை அடுத்த ஏழைக் கறுப்பர் குடியிருப்பு. பசியை அறிந்த அப்பிள்ளைக்கு 12-வது வயதில் கிரே பள்ளிக்கூடத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அது கிடைத்திராவிட்டால் அவர் திறமையை யார் அறிந்திருப்பார்?

அவர் நியமனம் தகுதிக்கன்று, நிறத்துக்கே கிடைத்தது என்று சிலர் குறை கூறினர். அதற்குக் களமே விடையளித்தது. 2019-ல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32–12 என்ற கணக்கிலும், 2023-ல் பிரான்ஸில் நியூஸிலாந்தை 12–11 என்ற கணக்கிலும் வென்று, இரு முறை உலகக் கோப்பையை ஏந்தியது அவர் தலைமை வகித்த கோஷ்டியே. 2019 இறுதிப் பந்தயத்தைத் தொடங்கிய 15 பேரில் 6 பேர் வெள்ளையரல்லாதார். வாய்ப்பு வந்த இடத்தில் தகுதிக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமோ?

கோலிஸியின் பெருமையை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஒருவர் உயர்ந்ததைக் காட்டி, அநீதி ஒழிந்தது என்று வாதிப்பது மோசடியாகும். உபகாரச் சம்பளம் ஒரு சிறுவனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்; அவனோடு தெருவில் பந்தாடிய மற்றச் சிறுவர்களுக்கு அது நியாயமாகாது. அந்நாட்டுச் சர்க்காரும் ரக்பி நிர்வாகிகளும் வெற்றி விழாக்களோடு நின்றுவிடாமல், மைதானத்தையும் ஆசிரியரையும் வயிறார உணவையும் ஸ்வீடே போன்ற ஊர்களுக்கே கொண்டு செல்ல வேண்டும். பிறர் தயவால் திறக்கும் கதவு எந்நேரமும் மூடப்படலாம். உரிமையால் திறக்கும் கதவே சமத்துவம்.