கண்டி வீதியின் இரு முனைகள்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் நாள்தோறும் ‘கண்டி வீதி’ வழியாகத்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதிக்கு அந்த முனையில் அதுதான் பெயர். இடையே 300 கிலோமீற்றருக்கும் மேல். போரில் நெடுங்காலம் மூடிக் கிடந்த வீதி 2002 இல் திறந்தது. 2006 இல் மறுபடி மூடியது. 2009 இல் போர் முடிந்த பிறகே மீண்டும் வழிவிட்டது. இன்று பஸ் தாராளமாக ஓடுகிறது. ஆனால் மலையகத்தின் ஹேவாஹெட்டைத் தோட்டப் பாடசாலையில் ஒரு பிள்ளை எழுதும் கட்டுரை வடக்கின் சாவகச்சேரிப் பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. இத்தனைக்கும் இருவர் கையிலும் இருப்பது ஒரே தமிழ்ப் பாடநூல்.

இருவரையும் இணைக்கும் வழி புதியதல்ல. 1920களில் தென் பிரான்சின் ஒரு கிராமத்து ஆசிரியர் செலெஸ்தேன் ஃபிரெனே வகுப்பறைக்குள் சிறிய அச்சுப் பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்களே எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்த தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரெத்தான் கடலோரத்துப் பாடசாலைக்குத் தபாலில் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. ஃபிரெனேயின் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கடலைப் பற்றி வாசித்தார்கள்.

அச்சுப் பொறியும் தபாலும் செய்த வேலையை இன்று கூகுள் டொக்ஸ் செய்யும். ஒரே பக்கத்தை இரண்டு ஊரிலும் திறக்கலாம். தோட்டத்தில் காலையில் தொழிலாளர் வேலைக்குப் பேர் கொடுக்கும் ‘பிரட்டு’ பற்றி ஒரு பிள்ளை எழுதட்டும். வடக்கில் வாசிக்கும் பிள்ளை ஓரத்தில் கேட்கும்: பிரட்டு எங்கே நடக்கும்? யார் பேர் எழுதுவது? மழை பெய்தால் என்ன செய்வார்கள்? எழுதிய பிள்ளை அம்மாவிடம் விசாரித்து, மூன்று வரியைப் பத்து வரியாக்கும். பழைய வடிவமும் அழியாமல் இருப்பதால், எழுத்து எங்கே வளர்ந்தது என்று ஆசிரியர் பார்க்கலாம். எல்லாம் தெரிந்த டீச்சருக்கு எழுதும்போது பிள்ளை எதையும் விளக்க வேண்டியதில்லை. தெரியாத ஒருவருக்கு எழுதினால் விளக்கியே ஆக வேண்டும். சிவப்புப் பேனையால் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

காணொளி வகுப்புக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இங்கே பாடசாலை விடும் பிற்பகல் 1.30க்கு லண்டனில் காலை 8 அல்லது 9 மணி; டொரொன்டோவில் விடிவதற்கு முன் 3 அல்லது 4. புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டுமானால் எழுத்துதான் தோது. அது மறுநாள் வரை காத்திருக்கும், டேட்டாவையும் விழுங்காது.

டேட்டா சிறிய விஷயமல்ல. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு, பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் டேட்டாச் செலவின்றிச் சூமில் விரிவுரை கேட்க வழிசெய்தது. பாடசாலைப் பிள்ளைகள் பலருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. பெற்றோரின் ஒற்றைக் கைபேசியில், வட்ஸ்அப்பில் வந்த பாடங்களைத்தான் பல வீடுகள் கண்டன. ஊவாவின் போஹிட்டியாவவில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் பாறை ஏறினார்கள். அந்தப் படங்களை நாடே பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. மறந்திருக்கக் கூடாது.

எழுதுவதற்கு முன் சேர்ந்து வாசிக்கவும் வேண்டும். அதற்கு, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை வடக்குப் பிள்ளைகள் வாசித்து, மலையகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கட்டும். நெடுந்தீவுக் கடற்கரையில் நடக்கும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலில் ஓர் அத்தியாயத்தை மலையகப் பிள்ளைகள் வாசித்துத் திருப்பிக் கேட்கட்டும். கடல் தெரியாத பிள்ளைக்கும் தேயிலை மலை தெரியாத பிள்ளைக்கும் கேட்க நிறைய இருக்கும்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய திட்டமோ வேண்டாம். இணைப்புள்ள ஒரு கணினி, வாரத்தில் ஒரு பாடவேளை, இரு முனையிலும் மனம் வைத்த ஒவ்வோர் ஆசிரியர். ஒரு தவணைக்கு இரண்டு கட்டுரையும் அவற்றுக்கான பதில்களும் போதும். மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் வடக்கின் திணைக்களமும் அந்தப் பாடவேளையை நேரசூசியில் ஒதுக்கிக் கொடுத்தால், அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.