மண்டகள்ளி ஓடுதளம் யாருக்காக நீள வேண்டும்?

மைசூர் விமான நிலையத்தின் ஓடுதளத்தை நீட்ட வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. மந்திரிகள் மாறுகிறார்கள், ஆட்சிகள் மாறுகின்றன, பேச்சு மட்டும் மாறவில்லை. இப்போதைய நீளம் 1,740 மீட்டர். இதை 2,750 மீட்டராக ஆக்குவது உத்தேசம். அதற்கு இருநூறு ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. மைசூர்-நஞ்சன்கூடு நெடுஞ்சாலை குறுக்கே நிற்கிறது. சாலையைச் சுரங்கப் பாதையாக்கி அதன் மேல் ஓடுதளத்தைக் கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிறகு சாலையையே வேறு வழியாகத் திருப்பி விடலாம் என்று இன்னொரு யோசனை வந்தது.

நஞ்சன்கூடு தொழிற்பேட்டைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகும் நம்மவர்கள் மண்டகள்ளியைத் தினமும் கடந்து போகிறார்கள். அந்த வேலிக்குப் பின்னால் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மைசூருக்கு வரும் உல்லாசப் பயணிகளை நம்பித்தான் ஓட்டல் ஊழியர், டாக்ஸி டிரைவர், ஆட்டோக்காரர், பூ விற்பவர் என்று ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. ஊரில் ஒரு சாவு என்று செய்தி வந்தால் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர வேண்டிய கவலையும் நமக்கு உண்டு. ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

வருவதும் போவதும்

மண்டகள்ளி விமானத் திடல் மைசூர் மகாராஜா காலத்தது, 1940-களில் அமைக்கப்பட்டது. 1980-களில் வாயுதூத் என்ற அரசுக் கம்பெனியின் சிறு விமானங்கள் பெங்களூருக்குப் பறந்தன. 1990 வாக்கில் அது நின்றது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் பிரயாணிகள் விமானமே இல்லை. புதிய கட்டடம் எழுப்பி, ஓடுதளத்தைச் செப்பனிட்டு, 2010 மே மாதம் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா திறந்து வைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் கிங்பிஷர் கம்பெனி பெங்களூருக்கு விமானம் விட்டது. 2011 நவம்பரில் நிறுத்தியது. அந்தக் கம்பெனியே பிறகு கடனில் மூழ்கியது. 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2015 செப்டம்பரில் ஏர் இந்தியா வந்தது. இரண்டே மாதங்களில் போய்விட்டது. பிறகு இரண்டு ஆண்டுகள் மண்டகள்ளியில் நிசப்தம்.

2017 செப்டம்பரில் ட்ரூஜெட் என்ற கம்பெனி சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. இது மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் வந்தது. இந்தத் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி ஆசனங்களின் கட்டணம் 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். 2019-ல் அலையன்ஸ் ஏர் வந்து பெங்களூர், ஹைதராபாத், கொச்சி, கோவா என்று பறந்தது. மைசூர்க்காரர்கள் மகிழ்ந்தார்கள். மூன்று ஆண்டு மானியம் முடிந்தது. சர்வீஸ்களும் ஒவ்வொன்றாக மெலிந்தன. ட்ரூஜெட் 2022 பிப்ரவரியில் பறப்பதையே நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை விமானத்தைத் தொடங்கியது.

மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல ஒவ்வொரு கம்பெனியும் உபசாரம் உள்ளவரை இருந்துவிட்டுப் போகிறது. கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 1,740 மீட்டரில் எழுபது சொச்சம் பேர் அமரும் காற்றாடி விமானம்தான் இறங்க முடியும். நூற்றெண்பது பேர் அமரும் ஜெட் விமானம் இறங்க முடியாது. சிறிய விமானம் நிரம்பி வந்தாலும் இரண்டு பஸ் ஆட்கள்கூட இல்லை. நாலு ஆசனம் காலியாக இருந்தாலே கணக்கு உதைக்கும். நீண்ட ஓடுதளம் வேண்டும் என்பவர்களின் வாதம் இதுவே. இது நியாயமான வாதம்தான்.

ஆனால் வாதம் அதோடு முடிந்துவிடவில்லை.

தொண்ணூறு நிமிஷச் சாலை

2023 மார்ச் மாதம் பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையைப் பிரதமர் மாண்டியாவில் திறந்து வைத்தார். நீளம் 118 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் பிடித்த பயணம் ஒன்றரை மணி ஆகியிருக்கிறது. இனிமேல் மைசூரிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போக யார் வருவார்கள்? விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சோதனை முடித்து, தேவனஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் வருவதற்குள் பஸ்ஸில் போனவர் பெங்களூரில் சாப்பிட்டுவிட்டுத் தன் வேலையையே பார்க்கத் தொடங்கியிருப்பார். பெங்களூர் சர்வீஸுக்கு இனி எதிர்காலம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

வெளியூருக்குப் பறக்க நினைக்கும் மைசூர்க்காரரின் கஷ்டம் வேறு. விரைவுச் சாலை அவரைக் கெங்கேரி வரை பறக்கவிடுகிறது. தேவனஹள்ளியோ நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. இடையில் பெங்களூர் நகரம் முழுவதையும் ஊர்ந்து கடக்க வேண்டும். மைசூரிலிருந்து தேவனஹள்ளிக்கு அரசின் சொகுசு பஸ் நேராகவே போகிறது. அதற்கும் நாலு மணி நேரம் போல ஆகிவிடும். தில்லிக்கோ பம்பாய்க்கோ பறக்கிற நேரத்தைவிட மைசூரிலிருந்து விமானத்தைப் போய்ப் பிடிக்கும் நேரம் அதிகம்! மண்டகள்ளிக்கு உண்மையான தேவை எங்கே என்பது இதிலிருந்து தெரிகிறது. பெங்களூருக்கு அல்ல, பெங்களூரைத் தாண்டி நேராக தூர ஊர்களுக்குப் பறக்க வேண்டும். அதற்கு ஜெட் வேண்டும். ஜெட்டுக்கு நீளம் வேண்டும்.

மலையும் பறவையும் அருவியும்

விமானத்தில் வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார்? அரண்மனை ஒன்றுதான் கூரைக்குக் கீழே இருக்கிறது. மற்றதெல்லாம் திறந்தவெளி. மண்டகள்ளியிலிருந்து பார்த்தாலே சாமுண்டி மலை தெரியும். ஆயிரம் படிகளுக்கு மேல் ஏற வேண்டும். வழியில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தி. இந்த மலைக்கு ரோப்வே போடுவதாகக் கிளம்பிய திட்டம் எதிர்ப்பின் காரணமாக 2022-ல் கைவிடப்பட்டது. நல்ல காரியம். படியேறுகிறவர்கள் ஏறட்டும், முடியாதவர்களுக்குத்தான் பஸ் இருக்கிறதே.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரியின் நடுவே சிறு தீவுகள். அவை ரங்கனதிட்டு. பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியின் யோசனைப்படி 1940-ல் சரணாலயமாக ஆனது. நாரைகளும் கூழைக்கடாக்களும் படகுக்கு அருகிலேயே கூடு கட்டியிருக்கும். பாறைமேல் முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். கிருஷ்ணராஜசாகரத்தின் கீழே பிருந்தாவனத் தோட்டம். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1932-ல் முடிந்தது. பழைய தமிழ் சினிமா டூயட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தின் ஒவ்வொரு நீரூற்றும் பரிச்சயம். மழைக்காலத்தில் சிவசமுத்திரம் அருவி. 1902-லேயே அங்கே மின்சாரம் எடுத்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். தெற்கே பந்திப்பூர் காடு, 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் முதலில் சேர்ந்த காடுகளில் ஒன்று. அதன் ஓரத்தில் ஹிமவத் கோபாலசாமி மலை.

இந்தக் கோபாலசாமி மலையில் ஒரு விசேஷம் உண்டு. சொந்த வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ஹைதராபாதிலிருந்து பறந்து வந்தவரும், குண்டலுப்பேட்டையில் டவுன் பஸ் பிடித்து வந்தவரும் பக்கத்துப் பக்கத்து ஆசனம்.

கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது எது என்பதற்கும் பஸ்ஸே சாட்சி. 2023 ஜூன் மாதம் கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கர்நாடக முகவரி உள்ள நம் வீட்டுப் பெண்களுக்கும் அது பொருந்தும். அதன் பிறகு சாமுண்டி மலையிலும் நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேசுவரர் கோயிலிலும் கூட்டம் பெருகியதை எல்லோரும் பார்த்தார்கள். விமானத்தில் வருகிறவர் ஓட்டலில் தங்குவார், டாக்ஸி வைப்பார், பணம் செலவழிப்பார், அதை மறுப்பதற்கில்லை. இரண்டு பேரும் வேண்டும். ஆனால் ரங்கனதிட்டு போக வேண்டிய ஏழைக் குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறது. நூற்றுக்கணக்கான கோடியில் ஓடுதளம் பேசுகிறவர்கள் இந்த மூன்று கிலோமீட்டருக்கு மணிக்கு ஒரு பஸ் விடக் கூடாதா?

நம் பிரயாணம்

இனி நம் கதைக்கு வருவோம். சென்னைக்காரர் பாடு பரவாயில்லை. 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத் ரயில் ஆறரை மணியில் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் விலை அதிகம் என்றால் இரவில் காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தூத்துக்குடி ரயிலும் மயிலாடுதுறை வழி ரயிலும் தர்மபுரி, சேலம் பக்கத்தாரைச் சுமந்து போகின்றன. தீபாவளி, பொங்கல் சமயத்தில் அவற்றில் ஒற்றைக் காலில் நிற்க இடம் கிடைத்தால் பாக்கியம்.

மிகவும் அவதிப்படுகிறவர்கள் கோவை, சத்தியமங்கலம், கோபி பக்கத்தார். வரைபடத்தில் பார்த்தால் மைசூருக்கு அவர்களே அண்டை வீட்டார். மண்டகள்ளி ஓரமாகப் போகும் ரயில் பாதை சாமராஜநகரத்தோடு நின்றுவிடுகிறது. அதைச் சத்தியமங்கலத்துக்கு இழுக்க வேண்டும் என்ற கோரிக்கை மிகப் பழையது. நடுவே காடு, யானைகளின் பாதை. அதை வெட்டிப் போடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சாலையில் போனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுக் கட்டுப்பாடு. பந்திப்பூர் வழியில் 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை தடை. யானைக்கும் புலிக்கும் அது அவசியம்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால் கோபிக்காரர் பெங்களூர், சேலம் என்று சுற்றித்தான் போக வேண்டும்.

கோவைக்கு ஒரு சிறு விமானம் விட்டால் என்ன? முக்கால் மணிக்குள் போய்விடலாம். இதற்கு ஓடுதளத்தை ஒரு அடிகூட நீட்ட வேண்டாம். இருக்கிற நீளமே போதும். 2,500 ரூபாய் தினக்கூலிக்காரருக்குப் பெரிய தொகைதான். குமாஸ்தா வேலையில் இருப்பவர் வருஷத்தில் ஒரு முறை, ஆபத்துக்குக் கொடுப்பார். ஆபத்துக்குப் போகிறவர்களை நம்பி எந்தக் கம்பெனியும் விமானம் விடாது என்பதும் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரிப் பிரச்னை மூளும்போதெல்லாம் முதலில் நிற்பது எல்லை தாண்டும் பஸ். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தபோது இரு மாநிலங்களுக்கும் இடையே பஸ்கள் நின்றன. ஆகாயத்தில் எல்லைச் சோதனைச் சாவடி கிடையாது. ஆனால் அந்த மாதங்களில் மண்டகள்ளியிலிருந்து எந்த ஊருக்கும் விமானம் இல்லை. ஏர் இந்தியா போய்விட்டது, ட்ரூஜெட் வரவில்லை.

சேலமும் ஓசூரும்

இந்த நோய் மைசூருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். சேலம் காமலாபுரம் விமான நிலையத்தின் ஜாதகமும் கிட்டத்தட்ட இதுவே. 1993-ல் திறந்து, பெரும்பாலான வருஷங்கள் சும்மா கிடந்து, 2018-ல் இதே ட்ரூஜெட் வந்து, நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. அங்கும் விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டபோது விவசாயிகள் எதிர்த்தார்கள்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் பெரிய விமான நிலையம் அமைப்போம் என்று தமிழக முதலமைச்சர் 2024 ஜூனில் அறிவித்தார். குறுக்கே நிற்பது பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தம். அதன்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் வேறு சர்வதேச விமான நிலையம் 2033 வரை வரக் கூடாது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் இரண்டு ஊர்களுக்கு விலக்கு இருக்கிறது: ஒன்று ஹாசன், மற்றொன்று மைசூர்! ஓசூருக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அனுமதி இல்லை. மைசூருக்கு அனுமதி இருக்கிறது, ஓடுதளம் இல்லை. இந்தச் சலுகை கையில் இருந்தும் கர்நாடக அரசு இத்தனை ஆண்டுகளைச் சும்மா கழித்திருக்கிறது. 2033 வந்து ஓசூருக்கும் கதவு திறந்த பிறகு அந்த விலக்குக்கு அர்த்தம் ஒன்றும் இராது.

ஆகவே நீட்டுவதானால் சீக்கிரம் நீட்ட வேண்டும். அதற்கு முன் மண்டகள்ளிச் சுற்றுவட்டார விவசாயிக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த ஊருக்கு, எத்தனை வருஷம் பறப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறது? நிலத்தைக் கேட்டு வரும் அதிகாரி அந்தக் காகிதத்தையும் கையோடு கொண்டுவரட்டும். மூன்று வருஷ மானியத்தில் வந்து போகும் விமானத்துக்காகத் தலைமுறைகளாக உழுத நிலத்தை விடச் சொன்னால், அவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரத்தான் செய்வார்.