இருபத்தொரு நாளும் மூன்று விநாடியும்

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஆனா, ஆவன்னா சொல்லித்தர வேண்டுமென்றால் சும்மா போய் நின்றுவிட முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி என்றால் பி.எட். பட்டம் வேண்டும். கல்லூரியில் பாடம் சொல்லவோ, எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. தேறி, ‘நெட்’ அல்லது ‘செட்’ பரீட்சையில் ஜெயித்தாலோ, டாக்டர் பட்டம் வாங்கினாலோ போதும். பாடம் தெரியுமா என்று கேட்கிறார்கள். பாடம் சொல்லித்தரக் கற்றுக்கொண்டாயா என்று கேட்பதில்லை. சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்தவரைக் கல்யாண வீட்டு அடுப்பங்கரைக்கு அனுப்புகிற கதைதான்!

இந்தக் குறை பெரியவர்கள் கண்ணில் படாமல் இல்லை. 1948-49-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், ஆசிரியர்களின் அறிவைப் புதுப்பிக்க வகுப்புகள் வேண்டும் என்றது. 1964-66-ல் கோத்தாரி கமிஷன், புதிதாக வேலைக்கு வரும் விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்றது. கமிஷன் சொல்வதும் நாம் தலையாட்டுவதும் புதிதா என்ன! 1986-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான், பல்கலைக் கழக மானியக் குழு இதற்கென்றே நாடெங்கும் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’களைத் திறந்தது. நம் பக்கத்தில் சென்னைப் பல்கலைக் கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக் கழகங்களில் அவை வந்தன. 2015-ல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023-ல் மறுபடியும் மாறி, மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் ஆயிற்று. பெயர் மூன்று, காரியம் ஒன்றுதான். பாடம் சொல்கிறவர்கள் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிற இடம்.

புதியவர்களுக்கு ‘ஓரியண்டேஷன் கோர்ஸ்’. நான்கு வாரம், 144 மணி நேரம் என்று நெடுநாள் நடந்தது. அனுபவசாலிகளுக்கு ‘ரிஃப்ரெஷர் கோர்ஸ்’; அதுவும் மூன்று வாரம், 108 மணி என்று நெடுநாள் நடந்தது. 2018-ம் வருஷத்து விதிகளில், முதல் பதவி உயர்வுக்கே 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்றைக் கேட்டார்கள். ஆக, இது விருப்பமிருந்தால் போகிற விஷயமல்ல. சம்பள உயர்வு இதில் தொங்குகிறது.

சகோதரிகளே, இங்கேதான் நம் வீட்டுக் கதை ஆரம்பமாகிறது. உதவிப் பேராசிரியை ஒருத்தி, இருபத்தொரு நாள் கோயம்புத்தூரில் தங்க வேண்டும் என்று காகிதத்தை நீட்டுவதாக வைத்துக் கொள்வோம்.

“ஊருக்கே நீ பாடம் சொல்லித் தர்றே, உனக்கு யாரும்மா பாடம் சொல்லப் போறாங்க?” என்கிறார் மாமியார்.

“அடுத்த வருஷம் போனால் ஆகாதா?” என்கிறார் கணவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க” என்கிறாள் அவள்.

கல்லூரி ‘டியூட்டி லீவு’ கொடுத்துவிடும். வீடு கொடுக்குமா? இதே பயிற்சிக்கு ஆண் பேராசிரியர் போனால், “சார் டிரெயினிங் போயிருக்கார்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அம்மாள் போனாலோ முதல் கேள்வியே, “குழந்தைகளை யார் பார்த்துக்கிறாங்க?” என்பதுதான்.

2020-ல் கொரோனா வந்தபோது பயிற்சி இணைய வழியில் வீட்டுக்கே வந்தது. சௌகரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு காதில் விரிவுரை, மறு காதில் குக்கர் விசில்! வெளியூருக்குப் போனவளையாவது இல்லையென்று விட்டுவிடுவார்கள். கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவளை, “காபி கலந்து கொடுத்துட்டு உட்காரேன்” என்று யாரும் சொல்லலாம் அல்லவா?

“யாரோ ஒரு டீச்சரம்மாவின் பதவி உயர்வு, நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். பதில் கொல்லிமலையில் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள இந்த மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர்களை நாடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, பெரக்கரை நாடு என்று. மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள். மரவள்ளி வந்து அந்த நிலங்களில் பலவற்றைப் பிடித்துக்கொண்டாலும், பழைய விதை ரகங்களைக் கைவிடாமல் காத்துவந்ததில் அந்த மலைப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குக் கீழே இறங்குகிறாள் என்று எண்ணிக் கொள்ளுங்கள். நாமக்கல்லிலோ இராசிபுரத்திலோ ஓர் அரசுக் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்தவளாதலால், 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அவள் வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அவள்தான். கடைசி பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்கிறாள்.

தாவரவியல் வகுப்பு. “சாமைக் கதிருக்கும் தினைக் கதிருக்கும் என்ன வித்தியாசம்?” என்று ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்கிறார். தினைக் கதிர் நரிவால் போல அடர்ந்து வளையும். சாமைக் கதிர் பிரிந்து தொங்கும். பாட்டியோடு காட்டில் நின்றவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கேள்வியைத் தமிழாக்கி, பதிலைத் தேடி, எல்லார் முன்னும் சொல்லலாமா என்று துணிவதற்குள் முன் பெஞ்சுப் பெண் பதில் சொல்லிவிடுகிறாள். ஆசிரியை அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறார். நாலு முறை இப்படி நடந்தால், ஐந்தாம் முறை அவள் முயற்சி செய்யவே மாட்டாள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் இதையே கடிகாரம் வைத்து அளந்தார். பள்ளி விஞ்ஞான வகுப்புகளில், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்தால் சற்று அதிகம் பொறுக்கிறார்கள்; மந்தம் என்று நினைத்தால் இன்னும் குறைவு! அதை மூன்று விநாடி ஆக்கிப் பார்த்தார். பதில்கள் நீண்டன. மௌனம் குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள்.

மூன்றே விநாடி! அதற்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், சக ஆசிரியர்கள் முன் பாடம் நடத்திக் காட்டி, “நீங்கள் காத்திருக்கவில்லையே!” என்று திருத்தப்பட வேண்டும். இப்படித் திருத்திக்கொள்வதற்குத்தான் அந்த இருபத்தொரு நாள்.

பயிற்சிகளெல்லாம் இப்படியே நடக்கின்றன என்று நான் சான்றிதழ் தரவில்லை. சாப்பாட்டுக்குப் பின் நீண்ட சொற்பொழிவு, பாதிப் பேருக்குக் கண் சொருகல், கடைசி நாளில் குரூப் போட்டோ, கையில் ஒரு காகிதம் என்று முடிகிறவையும் உண்டு. பதவி உயர்வுக்கான ரசீது என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. அதற்காகப் பயிற்சியே வீண் என்று ஒதுக்குவது, ஒருநாள் குழம்பு கரித்ததற்காக அடுப்பை இடிப்பது போல. நடத்துகிறவர்கள் சொற்பொழிவைக் குறைத்து, பாடம் நடத்திப் பார்க்கும் நேரத்தைக் கூட்டட்டும்.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது உண்டு. உங்கள் வீட்டு மருமகளோ மகளோ பயிற்சிக்குப் போக வேண்டும் என்றால், அந்த இருபத்தொரு நாளை மனசாரக் கொடுங்கள். குழந்தைகளின் பள்ளி டப்பாவைக் கணவர் கட்டட்டும். கைக்கு வளையல் வந்துவிடாது! வீட்டிலிருந்தபடியே படிக்கிறாளென்றால், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கொடுங்கள். திரும்பி வந்ததும், “சர்டிபிகேட் வந்ததா?” என்பதோடு நிறுத்தாமல், “வகுப்பில் என்ன மாற்றப் போறே?” என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் பதில், முகம் தெரியாத ஒரு மலைநாட்டுப் பெண் முதல்முறையாகக் கையைத் தூக்குவதற்குக் காரணமாகலாம்.