சுவரில் விரிந்த இன்சுலின்

இன்சுலின் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஊசியும், குளிர்பதனப் பெட்டியின் கதவோரத்தில் நிற்கும் சிறு குப்பியுமே. வாழப்பாடியின் எந்தத் தெருவிலும் இரண்டு வீட்டிலாவது அக்குப்பி இருக்கும். கணையத்தில் பிறந்து குருதிவழி சென்று, சர்க்கரையை உள்ளே விடும்படி உயிரணுக்களுக்குச் சேதி சொல்லும் அந்த இயக்குநீருக்கு ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்தைத் தேடி வரைந்த கோடுகள் ஒருகாலத்தில் சுவர்த்தாளாகவும் அச்சாயின.

1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்காக, ஹெலன் மெகாவ் என்ற படிகவியலாளரின் யோசனைப்படி, படிகங்களின் வரைபடங்களிலிருந்து 28 நிறுவனங்கள் துணி, கம்பளம், தட்டு எனப் பலவற்றை உருவாக்கின. டோரதி ஹாட்ஜ்கினின் இன்சுலின் வரைபடமும் அவற்றுள் ஒன்று. எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டுச் சிதறும் புள்ளிகளைக் கணக்கிட்டு, சேர்வராயன் மலையின் உயரங்களை நில அளவைப் படத்தில் காட்டுவதுபோல் வளைகோடுகளாக வரைந்திருந்தார்கள்.

இதில் என்னைக் கவர்வது வேறொன்று. இன்சுலினின் அமைப்பு 1951இல் எவருக்கும் தெரியாது. அவ்வரைபடம் அணுக்களுக்கு இடையிலான தூரங்களையும் திசைகளையும் காட்டியதே ஒழிய, அவற்றின் இருப்பிடத்தைக் காட்டவில்லை. விடை கிடைத்தது 1969இல்தான். ஹாட்ஜ்கினின் அந்தக் குழுவில் கேரளத்தில் பிறந்த மா. விஜயனும் இருந்தார். பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகவே, விடுவிக்கப்படாத ஒரு புதிரைச் சுவரில் ஒட்டி அழகு பார்த்திருக்கிறார்கள்! செரட்டோனின் வாய்பாட்டைப் பதக்கமாக்கி "மகிழ்ச்சி" என்று விற்கும் இன்றைய அணிகலன்களை இதனருகில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவை விளம்பரப் பலகைகள். மகிழ்ச்சி ஒரே மூலக்கூறில் அடங்கிவிடும் என்பது அறிவியலும் ஒப்பாத கூற்று.

படிகம் என்பது ஒரே அலகு மீண்டும் மீண்டும் அடுக்கப்படுவது. சேலைப் புட்டாவும் அவ்வாறே. சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கட்டத்தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றும் கைகள் அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இருக்கின்றன. லண்டனில் சுவருக்குப் போன வடிவம் இங்கே தறிக்கு வரக் கூடாதா? நோயை யார் உடுத்துவார் என்று கேட்கலாம். இன்சுலின் நோயன்று, அதன் குறைவும், அது சொல்வது உடலுக்குக் கேளாமற் போவதுமே நோய்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கூடி மூவிதழ்ச் சமச்சீரில் அமைகின்றன. அதைச் சதுரக் கட்டங்களில் அடக்குவது எளிதன்று. ஓரங்கள் படிப்படியாக உடையும். தாமரைப் புட்டா போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் படிகளை மழுப்பத் தெரியும். நடுவிலுள்ள இரு துத்தநாக அயனிகள் மேலிருந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே புள்ளியாகத் தோன்றும். அந்தப் புள்ளியை மட்டும் சரிகையில் இடலாம்.