பூக்கமுன் பிடுங்குவோம், வாங்கோ

முதல் மழை விழுந்துவிட்டது. மேய்ச்சல் தரவையில் பார்த்தீனியம் முளைத்துவிட்டது. இப்போது அது கரட் இலைபோல நிலத்தோடு ஒட்டி வட்டமாய் விரிந்து கிடக்கிறது. ஒரு கையாலே பிடுங்கிவிடலாம். இன்னும் நாலைந்து கிழமையில் தண்டு நிமிர்ந்து வெள்ளையாய்ப் பூக்கும். அதற்குப் பிறகு ஒரு செடியில் 15,000 விதைக்கு மேல். எங்களுக்கு இருப்பது இந்த நாலு கிழமைதான்.

மத்திய அமெரிக்கப் பக்கத்துக் களை இது. இலங்கையில் முதலில் பதிவானது 1999இல், எங்கள் வவுனியாவில். தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடைசெய்திருக்கிறது. ஆனால் சட்டம் இருந்தாலும் பிடுங்குவதற்குக் கை வேண்டும். போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்து வயலும் வளவும் ஆளின்றிக் கிடந்தன. கைவிட்ட நிலம் கிடைத்தால் போதும், இந்தக் களை பரவிவிடும்.

தரவை வெறுங்காணி இல்லை. காலபோகம் விதைத்ததும் பட்டி மாடுகளைத் தரவைக்குச் சாய்ப்பதும், அறுவடை முடிந்ததும் ஒட்டு மேய வயலுக்குள் விடுவதும் எங்கள் பெரியவர்கள் வைத்த ஒழுங்கு. மாடு மேய்ந்ததால் புல் கட்டையாய் நின்றது. புல் கட்டையாய் நின்றதால் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டது. அந்தக் கூட்டைக் கிட்டப் பார்த்திருக்கிறீர்களா? கூடு என்று ஒன்றும் இல்லை, சின்னக் கற்களும் காய்ந்த புழுக்கையும் சூழ்ந்த ஒரு பள்ளம். அதற்குள் மண்ணிறத்தில் கரும்புள்ளி விழுந்த நாலு முட்டை, கூர்முனைகள் உள்ளே பார்த்தபடி. நான் கண்டபோது என் காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. தாய் தலைக்கு மேலே கத்திக்கத்திச் சுற்றியது. தூரத்தில் வரும் நரியையும் கீரியையும் கண்டு கத்த அதற்கு வெளி வேண்டும். இடுப்பளவு பார்த்தீனியத்துக்குள் அதற்கு இடமில்லை. மாடும் அந்தக் களையை விரும்பித் தின்னாது, பசியில் தின்றால் பால் கசக்கும். மாடு விலகிப்போனால் உண்ணிக்கொக்கும் கூடவே போய்விடும்.

களைநாசினி அடித்தால் சுகம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். பல களைநாசினிகள் புல்லையும் சேர்த்துக் கருக்கும், மழையோடு குளத்துக்கு இறங்கும். அலைகரை வெறுந்தரையானால் அங்கே முதலில் முளைப்பதும் பார்த்தீனியம்தான். ஆவாரையையும் தகரையையும் தொடாதீர்கள். தகரை அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் ஒடுங்கிப்போகும்; இந்தியாவில் அதை இதற்கென்றே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தரவையைச் சிரைக்க நாங்கள் வரவில்லை. புல்லுக்கு இடம் விட வருகிறோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முன்பு ஒரு தடவை ஆரவாரமாகப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டோம். மறு மாரியில் அதே துண்டு வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. மண்ணுக்குள் விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு சிரமதானத்தோடு முடியாது. இந்த மாரி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும், அடுத்த மாரியும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, வாயை மூட ஒரு துணி. இழுப்பு உள்ளவர்களும் தோல் கடி உள்ளவர்களும் செடியைத் தொட வேண்டாம், தேத்தண்ணி வைத்துத் தாருங்கள், அதுவும் வேலைதான். எங்காவது முந்திப் பூத்த செடி கண்டால் இழுத்துக்கொண்டு திரியாமல் நின்ற இடத்திலேயே உரப்பைக்குள் போடுங்கள். உழவு இயந்திரத்தின் சில்லைக் கழுவிய பிறகே வெளியே எடுங்கள். சேற்றோடு சேர்ந்து விதை அடுத்த ஊருக்குப் போய்விடும். கண்ணிவெடி அகற்றி விடுவிக்காத நிலத்துக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. எச்சரிக்கைப் பலகைக்கு இப்பால்தான் எங்கள் வேலை.

ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டடியில் நிற்போம். மழை பெய்தாலும் வாங்கோ. நனைந்த மண்ணில்தான் வேர் முழுதாக வரும்.